வெயில், உப்பு, வெள்ளம்: வீட்டுக் குழாய்களைக் காப்பது எப்படி

குளிர் நாடுகளில் வீட்டுக் குழாயை உடைப்பது பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, குழாய் எந்த இடத்தில் வலுவில்லாமல் இருக்கிறதோ அந்த இடத்தில் பிளக்கிறது. திருவண்ணாமலையில் அந்தக் கவலை இல்லை. மார்கழி விடியற்காலையில் கிரிவலம் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிற அளவுக்குத்தான் இங்கே குளிர்.

நம் ஊர்க் குழாய்க்கு வேறு மூன்று எதிரிகள் உண்டு. மாசியில் தொடங்கி ஆனி வரை மொட்டை மாடிக் குழாயைச் சுடும் வெயில் ஒன்று. பாறைக்குள்ளிருந்து போர்த் தண்ணீரோடு ஏறி வரும் உப்பு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் சம்ப்புக்குள் இறங்கும் மழைச் சேறு மூன்றாவது. பனி ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். வெயிலும் உப்பும் வருஷக்கணக்கில், யாரும் ஏறிப் பார்க்காத இடத்தில் அரிக்கும். கடைசியில் குழாய் உடைவது பெரும்பாலும் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் நாளிலோ, பிளம்பர் வர முடியாத புயல் நாளிலோதான்.

எந்த எதிரி வந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: தண்ணீரை நிறுத்துவது. அதனால் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது கையால் திரும்பவும் வேண்டும். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

1. உங்கள் வீட்டுத் தண்ணீரின் வழியை வரையுங்கள்

நகரத்தில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று, சாத்தனூர் அணையிலிருந்து வரும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர். இன்னொன்று, வீட்டு போர்த் தண்ணீர். குழாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவதால் அதைச் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடி டேங்க்குக்கு ஏற்றி, அங்கிருந்து சமையலறைக்கும் குளியலறைக்கும் இறக்குகிறோம். போர்த் தண்ணீர் சில வீடுகளில் தனி டேங்க்குக்குப் போகும், சில வீடுகளில் அதே டேங்க்கில் கலக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தெரு வாசலிலிருந்து தொடங்குங்கள்.

• தெருக் குழாயிலிருந்து வீட்டு இணைப்பு எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது? அங்கே வால்வு இருக்கிறதா, அல்லது சிமென்ட் பூச்சுக்குள் புதைந்துவிட்டதா?

• சம்ப் மூடி தரை மட்டத்தில் இருக்கிறதா, உயர்ந்திருக்கிறதா? சம்ப்புக்கும் சாக்கடைக்கும், செப்டிக் டேங்க்குக்கும் எவ்வளவு தூரம்?

• மோட்டாரிலிருந்து ஏறும் லைன் எந்தச் சுவர் வழியாகப் போகிறது? டேங்க்கிலிருந்து எத்தனை லைன் இறங்குகிறது? ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு உண்டா?

• சுவருக்குள் புதைந்த லைன் எந்த உயரத்தில் ஓடுகிறது? அடுத்த முறை ஆணி அடிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

வரைந்த தாளைப் போட்டோ எடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு வரையுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொண்டால் முப்பது வருஷத்துக்கு உதவும்.

2. திரும்பாத வால்வு

மொட்டை மாடிக்குப் போய் டேங்க் அடியில் இருக்கும் வால்வைப் பாருங்கள். பழைய வீடுகளில் அது வட்டப் பிடி வைத்த கேட் வால்வாக இருக்கும். தண்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கும். பிடியைத் திருப்பினால் முதலில் அசையாது. கொஞ்சம் பலம் கொடுத்தால் பிடி மட்டும் சுற்றும், உள்ளே தட்டு இறங்காது. இன்னும் அழுத்தினால் தண்டு முறிந்து அந்த இடத்திலேயே தண்ணீர் பீய்ச்சும். பல வருஷம் திறந்தே கிடந்த வால்வுக்குள் தட்டு இறங்க வேண்டிய பள்ளத்தில் சுண்ணாம்புப் படிவு இறுகிவிடுகிறது, அதனால்தான் இப்படி.

இந்த வால்வை அவசரத்தில் சோதிக்கக் கூடாது. டேங்க் காலியாக இருக்கும் நாளில், பிளம்பர் பக்கத்தில் இருக்கும்போது திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் கழற்றிவிட்டு நீளக் கைப்பிடி வைத்த பால் வால்வு போடுங்கள். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றில் மூடிவிடும், பார்த்தாலே நிலை தெரியும், வயதானவர்களும் திருப்பலாம். இரண்டு பக்கமும் யூனியன் வைத்து மாட்டச் சொல்லுங்கள். பின்னாளில் குழாயை அறுக்காமல் கழற்றலாம்.

"எதுக்குங்கக்கா மாத்தணும், நல்லாத்தானே ஓடுது?" என்று பிளம்பர் கேட்கலாம். "ஓடுறது சரிப்பா, நிறுத்தணும்னா நிக்கணுமில்ல?" என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

புது வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி என்று எதையாவது நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. கிரிவல ஊரில் பௌர்ணமியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

3. வெயில்

சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலையின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடித் தளத்தின் மேல் கிடக்கும் குழாய்க்கு அதைவிட அதிகச் சூடு. அங்கே இரண்டு வேலை நடக்கிறது.

முதலாவது, புற ஊதாக் கதிர். வெள்ளை பி.வி.சி. குழாயின் வெயில் படும் பக்கம் முதலில் மஞ்சளாகும், பிறகு மாவு போலத் தூள் படியும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால், அந்தக் குழாய் உதைத்தாலே உடையும் நிலையை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். டேங்க் கழுவ ஏறுகிறவர் கால் பட்டு உடைகிற குழாய்கள் இப்படித்தான் உடைகின்றன.

இரண்டாவது, நீட்சி. பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.06 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை நீளும். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் குழாயின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் நேர்க்குழாய் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீண்டு, ராத்திரி மறுபடி சுருங்கும். இரண்டு முனையையும் சிமென்டில் இறுக்கிவிட்டால் அந்த 2 சென்டிமீட்டருக்கு இடமில்லாமல் எல்போவும் டீயும் தினமும் இழுபடும். மூட்டில் ஒட்டிய சொல்யூஷன் விடத் தொடங்குவது அங்கேதான்.

செய்ய வேண்டியவை:

• சூடு ஏற ஏறக் குழாயின் அழுத்தம் தாங்கும் சக்தி குறையும். சாதாரண பி.வி.சி. குழாயின் மேல் எழுதியிருக்கும் அழுத்த அளவு 27 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதனால் மாடியில் மெல்லிய குழாயைப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. மட்டுமே, அது 93 டிகிரி வரைக்கும் வடிவமைக்கப்பட்டது.

• வெயில் படும் குழாய்க்கெல்லாம் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். தண்ணீரில் கரைக்கும் பெயின்டாக இருக்க வேண்டும். தின்னர் கலக்கும் எனாமல் பிளாஸ்டிக்கைப் பாதிக்கும். அடிக்கும் முன் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டால் பெயின்ட் உரியாது.

• நீண்ட நேர்க்குழாயில் ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். நான்கு எல்போ போட்டு 'ப' வடிவில் திருப்பினால் நீட்சியை அது வாங்கிக்கொள்ளும். கிளாம்ப், குழாயைத் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது.

• குழாயைத் தளத்தில் கிடத்தாமல் சிறு கட்டைகளின் மேல் ஏற்றுங்கள். கீழே சூடும் குறையும், மழைநீரும் தேங்காது.

• பி.வி.சி.க்கும் சி.பி.வி.சி.க்கும் சொல்யூஷன் வேறு வேறு. ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றில் தடவினால் அன்றைக்கு நிற்கும், பிறகு விடும். ஒட்டிய பிறகு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தண்ணீர் திறக்கக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு ஒட்டுவது நல்லது. சூட்டில் சொல்யூஷன் மூட்டுக்குள் போகும் முன்பே காய்ந்துவிடும்.

4. உப்பு

அண்ணாமலை மலையே பாறை. ஊரின் அடியிலும் கடினப் பாறைதான். போர்த் தண்ணீர் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சோப்பு நுரைக்காதது, பருப்பு வேகாதது, பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழுவது எல்லாம் இதனால்தான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மாவட்டத்தின் சில பகுதிகளில் ஃபுளோரைடும் கூடுதல். ஆகவே போர்த் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஒருமுறையாவது பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது.

குழாய்க்கு வரும் கேடு இப்படி: தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு ஏறியதும் சுண்ணாம்பாகப் பிரிந்து படியும். அதனால் முதலில் அடைபடுவது கீசர், அடுத்தது கீசரிலிருந்து வரும் லைன், பிறகு ஷவர். வெயிலில் கொதிக்கும் மாடிக் குழாயிலும் இதே படிவு மெதுவாக நடக்கும். சமையலறை டேப்பின் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். அரிசி நொய் போன்ற வெள்ளைத் துகளும், பழைய இரும்புக் குழாயாக இருந்தால் செங்கல் நிறத் துருவும் இருக்கும். துகளின் நிறமே எந்தக் குழாய் அரிபடுகிறது என்று சொல்லிவிடும்.

• சல்லடையையும் ஷவர் தலையையும் வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் சுத்தமாகும்.

• கடையில் வாங்கும் ஆசிட்டைக் குழாய்க்குள் ஊற்றாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

• கீசரை 50 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். சூடு கூடக்கூடப் படிவும் கூடும்.

• ஜி.ஐ. குழாய் இருக்கும் பழைய வீடுகளில் மரை வெட்டிய இடம்தான் முதலில் ஓட்டையாகும். ஓட்டைக்கு மேல் எம்-சீல் வைப்பது ஒரு வாரத்துக்கான வழி. அந்த லைன் முழுவதையும் மாற்றுவதற்கான காசை அன்றிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

• நல்ல தண்ணீர் லைனையும் உப்புத் தண்ணீர் லைனையும் பிரித்தே வையுங்கள். சமையலுக்கும் கீசருக்கும் நல்ல தண்ணீர், கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் போர்த் தண்ணீர் என்று பிரித்தால் கீசரும் பிழைக்கும், நல்ல தண்ணீரும் மிஞ்சும்.

5. வற்றிய குழாய் உறிஞ்சும்

முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் தெருக் குழாய் பெரும்பாலான நேரம் காலியாகவே கிடக்கிறது. தண்ணீர் ஓடும்போது கசிவிலிருந்து வெளியே வடியும். நின்ற பிறகு, அதே கசிவு வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடை உள்ளே போகும். தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடம் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருவதற்கு இது ஒரு காரணம்.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. மோட்டார் உண்டாக்கும் உறிஞ்சல், தெரு முழுவதும் உள்ள கசிவுகளிலிருந்து அழுக்கை இழுத்து, முதலில் இழுக்கிறவர் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் சேர்த்துக் கொண்டுவரும். உள்ளாட்சிகள் இதைத் தடை செய்து மோட்டாரைப் பறிமுதல் செய்வதும் உண்டு. அபராதத்துக்குப் பயந்து விடுவதைவிட, எதிர்வீட்டுக் குழந்தையின் வயிற்றை நினைத்து விடுவது மேல். தண்ணீர் தன் வேகத்தில் சம்ப்பில் விழட்டும். சம்ப்பிலிருந்து மோட்டார் போடுங்கள்.

வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடையைக் கடந்து போனால், அது சாக்கடைக்கு மேலேதான் போக வேண்டும்; அந்த இடத்தில் மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. இரும்புக் குழாய் உறைக்குள் விட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. முதல் இரண்டு குடம் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு சம்ப் வால்வைத் திறக்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

6. புயல்மழை: 2024 டிசம்பர் கற்றுத்தந்தது

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலோரத்தோடு நிற்காமல் உள்மாவட்டங்களில் அது கொட்டிய மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண் சரிந்து வீடு புதைந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ஏற்றிய மகா தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை.

அந்த நாட்களை நினைத்து முதலில் சொல்ல வேண்டியது இது: மலை அடிவாரத்திலும் சரிவிலும் இருக்கிறவர்கள், கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால் குழாயையும் டேங்க்கையும் மறந்துவிட்டு இறங்கிவிடுங்கள். மண் நனைந்து ஊறிய சரிவில் எந்த வால்வையும் மூடப் போகக் கூடாது. குழாயைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். சரிவில் வீடு உள்ளவர்கள் நல்ல வெயில் நாளிலேயே இன்னொரு வேலையைச் செய்துவிட வேண்டும்: டேங்க் வழிந்து, குழாய் கசிந்து மலைமண்ணில் இறங்கும் தண்ணீரை நிறுத்துவது. சரிவு மண்ணில் தண்ணீர் ஊறுவது யாருக்கும் நல்லதில்லை.

சமதளத்தில் இருக்கும் வீடுகளுக்கு, எச்சரிக்கை வந்ததும் செய்ய வேண்டியது:

1. மின்சாரம் இருக்கும்போதே மாடி டேங்க்கை நிரப்புங்கள். நிரம்பிய டேங்க் காற்றில் நகராது, மின்சாரம் போனாலும் சில நாள் தண்ணீர் தரும். மூடியைக் கயிற்றால் கட்டுங்கள்.

2. குடிக்கவும் சமைக்கவும் தனியாகக் குடங்களில் மூடி வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல், மூன்று நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

3. சம்ப்பும் நிறைந்திருக்கட்டும். காலியான சம்ப்பை நிலத்தடி நீரின் அழுத்தம் கீழிருந்து தள்ளும். பழைய சம்ப்பில் அதனால் விரிசல் விழலாம்.

4. தெரு இணைப்பின் வால்வை மூடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய தெருக் குழாயிலிருந்து சேறு உங்கள் சம்ப்புக்கு வராது.

5. சம்ப் மூடி தரை மட்டத்தில் இருந்தால் பாலிதீன் விரித்து மூடியைப் போட்டு, சுற்றிலும் மணல் மூட்டை வையுங்கள். இது ஒரு மழைக்கான தற்காலிக வேலை. நிரந்தரமாக, சம்ப் வாயைத் தெருவில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் ஓரடி கட்டி உயர்த்த வேண்டும்.

6. தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே மோட்டாரின் மெயினை அணையுங்கள். கால் நனைந்த பிறகு சுவிட்சைத் தொடாதீர்கள்.

7. வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ளநீர் சம்ப்புக்குள் போயிருந்தால், பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் அதைக் குடிக்கக் கூடாது. சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் கலந்த தண்ணீர் அது. சுத்தம் செய்யும் வரை, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால், முதலில் துணியில் வடிகட்டி, பிறகு தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பின்னும் ஒரு நிமிடமாவது வைத்து இறக்கிய தண்ணீரை மட்டுமே குடியுங்கள்.

சம்ப்பில் இறங்கும் வேலையில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. மோட்டாரின் மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினிலேயே அணைக்க வேண்டும். மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும்; அந்தக் கயிறு மேலே நிற்கும் ஆளின் கையில் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. கயிற்றால் இழுத்துக்கொண்டே 101 அல்லது 108-ஐ அழையுங்கள். ஆழமான, மூடிய சம்ப்பில் நீங்களே இறங்காமல் முறையாக வேலை தெரிந்தவர்களை அழைப்பதே நல்லது.

சேற்றை அள்ளிச் சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகு மருந்து போடுங்கள். 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர், 1000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம். தனி வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும், நல்ல தண்ணீர் நிரப்பிய சம்ப்பில் ஊற்றுங்கள். அதே தண்ணீரை மோட்டார் போட்டு மாடி டேங்க்குக்கு ஏற்றி, வீட்டில் உள்ள ஒவ்வொரு டேப்பையும் குளோரின் வாசனை வரும் வரை திறந்து மூடுங்கள். நான்கு மணி நேரமாவது அப்படியே நிற்கட்டும். பிறகு முழுவதையும் வெளியேற்றி, வாசனை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். குழாயின் உட்புறத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் முறை இது. டேங்க்கை மட்டும் கழுவிவிட்டு லைனை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கடுத்த நாட்களில் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும்; போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

8. தீபத்துக்கு முன்

கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வருகிறது. உறவினர்கள் வந்து தங்குவார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் தெரியாதவர்களும் தண்ணீர் கேட்டு வருவார்கள். ஐந்து பேருக்கு ஓடிய மோட்டார் இருபது பேருக்கு ஓடும். ஆகவே ஐப்பசி பிறந்ததும் ஒரு கசிவுச் சோதனை செய்துவிடுங்கள். ராத்திரி எல்லா டேப்பையும் மூடி, டேங்க்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் முதல் ஆள் டேப் திறக்கும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்த ராத்திரி ஒவ்வொரு லைனின் வால்வையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் எந்த லைன் என்று பிடிபடும். பெரும்பாலும் குற்றவாளி கழிப்பறை ஃபிளஷ் டேங்க்கின் ரப்பர் வாசர்தான். சத்தமில்லாமல் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்.

9. உறைபனி ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு

டொராண்டோவிலோ டெக்சாஸிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வந்த குளிர்ப்புயலில் மின்சாரமும் போய், உறைபனிக்குப் பழகாத வீடுகளில் குழாய்கள் ஏராளமாக உடைந்தன. போனில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளின் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வை, அறையின் சூடு குழாய்க்குப் போகட்டும். கடுங்குளிர் ராத்திரியில் டேப்பை மெல்லிய நூலாக ஒழுக விடு. தோட்டத்துக் குழாயைக் குளிர்காலம் வருமுன் உள்ளிருந்து மூடி, தண்ணீரை வடித்துவிடு. ஊருக்கு வரும்போதும் வீட்டுச் சூட்டை 13 டிகிரிக்குக் கீழே இறக்காதே. உறைந்துவிட்டால் டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கமிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் சூடு காட்டு, நெருப்பைக் காட்டாதே. உடைந்துவிட்டால் முதலில் மெயின் வால்வை மூடு. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வை.

10. ஆண்டு முழுவதற்கும் ஒரு கணக்கு

• தை: மழை முடிந்ததும் சம்ப், டேங்க் இரண்டையும் கழுவி மருந்து போடுதல்.

• மாசி, பங்குனி: மாடிக் குழாய்களுக்குப் பெயின்ட்; கிளாம்ப், எல்போ பார்த்தல்; வெளுத்த குழாய்களை மாற்றுதல்.

• சித்திரை, வைகாசி: போர்த் தண்ணீர் மட்டம் இறங்கும் காலம். மோட்டார் காற்றை இழுத்தால் உடனே நிறுத்துதல். வெறுமனே ஓடினால் சீல் கருகும்.

• ஆடி: ஷவர், சல்லடை, கீசர் உப்புச் சுத்தம்.

• புரட்டாசி: சம்ப் மூடி, மணல் மூட்டை, வடிகால், மோட்டார் ஸ்விட்ச் போர்டு பார்த்தல்; மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதை மாட்டுதல்.

• ஐப்பசி: தீபத்துக்கு முன் கசிவுச் சோதனை.

• பௌர்ணமிதோறும்: எல்லா வால்வையும் ஒருமுறை மூடித் திறத்தல்.

11. மோட்டார் ஸ்விட்ச் அருகே ஒட்ட வேண்டிய தாள்

கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியும், பள்ளி விட்டு வரும் பிள்ளையும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

குழாய் உடைந்தால்:

1. மோட்டாரை அணை.

2. டேங்க் அடி வால்வை மூடு. தெரு இணைப்பு உடைந்திருந்தால் வாசல் வால்வை மூடு.

3. தரையில் தண்ணீர் இருந்தால் பிளக், ஸ்விட்ச் எதையும் தொடாதே; காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணைக்க முடிந்தால் மட்டும் அணை.

4. கீழ்த்தளத்து டேப்பைத் திறந்துவிடு. லைனில் மீதி இருப்பது அங்கே வடியட்டும்.

5. பிளம்பருக்கும் பெரியவர்களுக்கும் போன் செய். (எண்களை இங்கே எழுதவும்.)

ஒட்டியதோடு நிறுத்தாமல், அன்றைக்கே வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் இரண்டு வால்வையும் அவரவர் கையாலேயே திருப்ப வையுங்கள்.